கடையில் வருகிற கணக்கு நோட்டில் வரவில்லை: மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வீட்டில் என்ன விளையாட்டு வைக்கலாம்?

தக்கலை அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். என் மகள் மூன்றாம் வகுப்பு, ஆங்கில வழி. கணக்கு நோட்டை எடுத்தாலே வயிறு வலிக்கிறது என்று சொல்லிப் படுத்துவிடுகிறாள். போன வாரம் வீட்டுப்பாடமாக 40 கழித்தல் கணக்கு வந்தது. ராத்திரி ஒன்பதரை வரை உட்கார்ந்தோம், அவளும் அழுது நானும் சத்தம் போட்டு, கடைசியில் இரண்டு பேருமே சாப்பிடாமல் படுத்தோம்.

எனக்குப் புரியாத விஷயம் இதுதான். சனிக்கிழமை சந்தையில் மட்டிப்பழம் வாங்கினோம், 65 ரூபாய். நான் 100 ரூபாய் நோட்டைக் கொடுத்ததும் "35 தரணும்மா" என்று கடைக்காரருக்கு முன்னால் இவள் சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்து அதே 100 கழித்தல் 65ஐ நோட்டில் எழுதச் சொன்னால் 165 என்று எழுதுகிறாள். 100இல் இருந்து எடுத்தால் எப்படி 165 வரும் என்று கேட்டால் முழிக்கிறாள். கவனக்குறைவு என்று பள்ளியில் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

போனில் ஆப் வேண்டாம், ஒர்க்‌ஷீட்டும் போதும் போதும் என்றாகிவிட்டது. வீட்டில் விளையாட்டாகச் செய்ய ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். தினமும் அரை மணி நேரம் என்னால் ஒதுக்க முடியும்.

ஓய்வுபெற்ற டீச்சர், நாகர்கோவில்:

மக்களே, உன் மகளுக்குக் கவனக்குறைவு எதுவும் இல்லை. அந்த 165 எப்படி வந்தது என்று பார். 0இல் இருந்து 5 போகாது, அதனால் 5இல் இருந்து 0ஐக் கழித்து 5 எழுதியிருக்கிறாள். அடுத்த இடத்திலும் அப்படியே 6. மிச்சம் இருந்த 1ஐ இறக்கிவிட்டாள். ஒவ்வொரு இடத்திலும் பெரியதில் இருந்து சிறியதைக் கழிப்பது என்று அவளாக ஒரு விதி வைத்திருக்கிறாள், அதை ஒழுங்காகப் பின்பற்றுகிறாள். 52 கழித்தல் 27 கொடுத்துப் பார், 35 என்று எழுதுவாள். இப்படி எழுதும் பிள்ளைகளை நான் ஒவ்வொரு வருடமும் வகுப்பில் பார்த்திருக்கிறேன். 40 கணக்கு கொடுத்தால் அந்தத் தப்பை 40 தடவை பழகுவாள், அவ்வளவுதான்.

கடையில் அவள் கழிக்கவே இல்லை. 65, அதோடு 5 சேர்த்தால் 70, இன்னும் 30 சேர்த்தால் 100, ஆக 35. பழைய கடைக்காரர்கள் மீதி கொடுப்பதும் இப்படித்தான், விலையில் தொடங்கி காசை ஒவ்வொன்றாகக் கையில் வைத்துக்கொண்டே நூறு வரை ஏறுவார்கள். நல்ல முறை அது. இப்போது எல்லாம் ஸ்கேன் செய்துவிட்டுப் போகிறோம், மீதி என்ற ஒன்றைப் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பதே இல்லை. அதனால் முதல் வேலையாக வாரம் ஒருநாள் ரொக்கமாகக் கொடுத்து வாங்கு, மீதியை அவள் எண்ணி வாங்கட்டும்.

இது நம் ஊர் அதிசயம் மட்டும் இல்லை. பிரேசிலில் ரெசிஃபே என்ற நகரத்தில் தெருவில் தேங்காயும் பழமும் விற்கிற பிள்ளைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 1985இல் வந்தது. வியாபாரத்தின்போது கேட்ட கணக்குகளில் நூற்றுக்கு 98 சரி. அதே மாதிரிக் கணக்கை வெறும் எண்ணாகத் தாளில் கொடுத்தபோது நூற்றுக்கு 37தான் சரி. பத்துத் தேங்காய் எவ்வளவு என்று கேட்டதற்கு ஒரு பையன் மூன்று மூன்றாகச் சேர்த்துக்கொண்டே போய் 350 என்று சரியாகச் சொல்லியிருக்கிறான், பத்தால் பெருக்கினால் ஒரு சைபர் சேரும் என்ற பள்ளிக்கூட வழி அவனுக்குத் தோன்றவே இல்லை.

இனி நோட்டுக்கு வருவோம். தென்னை ஈர்க்கைச் சீவி, விரல் நீளத்துக்கு ஒரு நூறு துண்டு நறுக்கிக்கொள். பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டு. 52 என்றால் ஐந்து கட்டும் இரண்டு உதிரியும். அதில் 27 எனக்குத் தா என்று கேள். உதிரி ஏழு கேட்கும்போது கையில் இரண்டுதான் இருக்கும், ஒரு கட்டைப் பிரிக்காமல் வழியே இல்லை என்று அவளுக்கே தெரியும். நீ சொல்லிக் கொடுக்காதே, அவளே பிரிக்கட்டும். 'கடன் வாங்குவது' என்று நாம் சொல்வது அந்தக் கட்டைப் பிரிப்பதுதான். 100க்கு ஒரு பெரிய கட்டு, அதற்குள் பத்துச் சின்னக் கட்டு.

இரண்டு வாரம் நோட்டைத் தொடவே வேண்டாம். பள்ளியில் கேட்டால் நான் சொன்னதாகச் சொல், நானே வந்து பேசுகிறேன்.

மார்த்தாண்டம் அப்பா:

டீச்சர் மேல் மரியாதை உண்டு, ஆனால் ஒன்று சொல்கிறேன். எங்கள் காலத்தில் ஈர்க்கும் கிடையாது கட்டும் கிடையாது, சாயங்காலம் விளக்கு வைத்ததும் திண்ணையில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்ல வேண்டும், ஐயிரண்டு பத்து, ஆறிரண்டு பன்னிரண்டு, ஏழிரண்டு பதினாலு, எண்ணிரண்டு பதினாறு என்று ராகம் போட்டு. இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் மகன் நான்காம் வகுப்பு, ஏழெட்டு எவ்வளவு என்றால் விரலை விடுகிறான். விளையாட்டு விளையாட்டு என்று சொல்லிச் சொல்லி அடிப்படையை விட்டுவிடுகிறோமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

குலசேகரம் ரப்பர் தோட்டம்:

அண்ணே, வாய்ப்பாடு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. என் கதையைச் சொல்கிறேன். நான் பால்வெட்டுக்குப் போகிறவன். லீவு நாளில் மகன் பின்னாலேயே வருவான், இரண்டாம் வகுப்பு. ரப்பர் பால் பிடிக்கிற சிரட்டையைக் கழற்றி வைக்கிற வேலையில் ஒருநாள் இந்த வரிசையில் எத்தனை மரம் எண்ணு என்றேன், 8. இந்த மாதிரி எத்தனை வரிசை என்றேன், 12. மொத்தம் எத்தனை சிரட்டை வேண்டும்? ஒவ்வொரு வரிசையாக எட்டு எட்டாகக் கூட்டிக்கொண்டே நடந்து 96 என்று வந்து நின்றான். அப்புறம் தோட்டத்தின் பக்கவாட்டில் கொண்டுபோய் நிறுத்தினேன். இங்கிருந்து பார்த்தால் ஒரு வரிசைக்கு 12, அப்படி 8 வரிசை. இப்போது எத்தனை என்று கேட்டதும் மறுபடியும் எண்ணப் போனான். பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்து, "மரம் நடக்காதே அப்பா, அதேதான் இருக்கும்" என்றான்.

8×12ம் 12×8ம் ஒன்று என்று எனக்கு அப்படி யாரும் காட்டியதில்லை. அது தெரிந்துவிட்டால் வாய்ப்பாட்டில் பாதிச் சுமை குறைகிறது. தோட்டம் இல்லாதவர்களுக்கு முட்டைத் தட்டு இருக்கிறது, ஐந்துக்கு ஆறு, முப்பது. கடையில் காலித் தட்டு சும்மாவே தருவார்கள், அதில் புளியங்கொட்டையை வைத்து எத்தனை வாய்ப்பாடு வேண்டுமானாலும் போடலாம்.

ஓய்வுபெற்ற டீச்சர், நாகர்கோவில்:

"மரம் நடக்காதே" என்று சொன்ன பிள்ளையை ஒருநாள் பார்க்க வேண்டும்.

மார்த்தாண்டம் தம்பி, வாய்ப்பாடு சொல்லத்தான் வேண்டும், ராகத்தோடே சொல்லுங்கள். ஆனால் பாட்டு மறந்துபோனால் பிள்ளை நிற்பதற்கு ஒரு தரை வேண்டும். ஏழெட்டு மறந்துவிட்டதா, ஐந்தெட்டு 40 தெரியும், இரண்டெட்டு 16 தெரியும், சேர்த்தால் 56. மகனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். விரலை விடுவதும் தப்பில்லை. நம் ஆச்சிமார் பெருவிரலால் மற்ற நான்கு விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ணுவார்கள், ஒரு விரலுக்கு மூன்று, ஒரு கைக்கு 12. அதுவும் விரல்தான். கையைத் தட்டிவிட்டால் பிள்ளை மேசைக்கு அடியில் விரல் விடும், பயமும் சேர்ந்துகொள்ளும்.

இன்னொன்று, ஆங்கில வழிப் பிள்ளைகள் எல்லாருக்கும் சொல்கிறேன். வீட்டில் எண்ணைத் தமிழில் சொல்லுங்கள். பதின்மூன்று என்ற சொல்லிலேயே பத்தும் மூன்றும் இருக்கிறது, முப்பதில் மூன்று பத்து இருக்கிறது. தர்ட்டீனுக்கும் தர்ட்டிக்கும் காதில் வித்தியாசம் கேட்காமல் 13ஐ 30 என்று எழுதுகிற பிள்ளைகள் ஏராளம். தமிழில் இடறுகிற இடம் ஒன்பதுதான், 90ஐ எண்பதின் அடுத்த பத்தாகச் சொல்லாமல் தொண்ணூறு என்கிறோம், 900ஐத் தொள்ளாயிரம் என்கிறோம். அதை மட்டும் தனியாகப் பழக்கினால் போதும்.

அரசுப் பள்ளிகளில் 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபோது பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்கள். வகுப்பு எது என்று பார்க்காமல் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பார்ப்பது. வீட்டிலும் அப்படித்தான், மூன்றாம் வகுப்பா என்று பார்க்காதீர்கள், எங்கே நிற்கிறாள் என்று பார்த்து அங்கிருந்து தொடங்குங்கள்.

தோவாளை பூக்கட்டு:

எங்கள் வீடு பூ மார்க்கெட்டுக்குப் பக்கம், அதனால் எங்கள் வீட்டுக் கணக்கெல்லாம் பூவோடுதான். மார்க்கெட்டில் கிலோ, கட்டிய பிறகு முழம். ஒரே சரத்தை என் மகன் தன் கையால் அளந்தால் 10 முழம், ஆச்சி அளந்தால் 7. "ஆச்சி ஏமாத்துறாங்க" என்று ஒரே சண்டை. இரண்டு பேர் கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியதும் அமைதியானான். மறுநாள் அவனே ஸ்கேலை எடுத்து வந்து வீட்டில் எல்லார் முழங்கையையும் அளந்து சுவரில் எழுதி வைத்திருக்கிறான், சுவரை அழிக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது கோலம். தக்கலை அக்கா, மூன்றாம் வகுப்புக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. ஊடுபுள்ளி வையுங்கள், அதாவது ஒரு வரிசையில் இரண்டு புள்ளிக்கு இடையில் வருகிற மாதிரி அடுத்த வரிசைப் புள்ளி. நடுவரிசையில் 3, மேலே 2, கீழே 2, மொத்தம் 7 புள்ளி. அடுத்த நாள் நடுவில் 5, மேலும் கீழும் 4, 3 என்று குறைத்தால் 19. அதற்கடுத்து 7இல் தொடங்கி 4இல் நிறுத்தினால் 37. இதை வரிசை வரிசையாகக் கூட்டினாலே நல்ல பயிற்சி. ஆனால் ஒருநாள் என் மகள் (அவள் நான்காம் வகுப்பு) வரிசையை விட்டுவிட்டு நடுப்புள்ளியில் இருந்து சுற்றிச் சுற்றி எண்ணினாள். நடுவில் 1. அதைச் சுற்றி 6. அதைச் சுற்றி 12. அதற்கு வெளியே 18. ஆறாம் வாய்ப்பாடு வாசலில் கிடக்கிறது! வருடக்கணக்காகப் புள்ளி வைக்கிறேன், எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அடுத்த சுற்று 24, ஆக மொத்தம் 61 என்று புள்ளி வைக்காமலே சொல்லிவிட்டாள், அப்புறம் வைத்து எண்ணிப் பார்த்தோம், சரிதான்.

மார்கழியில் போடுகிறோமே 15 புள்ளி, 8 வரை ஊடுபுள்ளி, அதில் மொத்தம் 169 வரும். பெரிய பிள்ளைகளுக்கு இன்னொன்று இருக்கிறது. ஒரு புள்ளி, 7 புள்ளி, 19 புள்ளி, 37 புள்ளி, இந்த நான்கு கோலத்தையும் வரிசையாகக் கூட்டிக்கொண்டே வாருங்கள். 1, 8, 27, 64. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை அதைப் பார்த்துவிட்டு 2×2×2, 3×3×3 என்று சொன்னால் நல்ல ஒரு சாயா போட்டுக் கொடுங்கள்.

தக்கலை அம்மா:

பத்து நாள் ஆயிற்று, நடந்ததைச் சொல்கிறேன். ஈர்க்குக் கட்டு நன்றாகப் போகிறது. முதல் நாள் 52இல் 27 கேட்டபோது கொஞ்ச நேரம் கட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பிரிக்கலாமா?" என்று என்னிடம் அனுமதி கேட்டாள். அது எனக்கு என்னவோ போல் இருந்தது. கட்டைப் பிரிக்கக்கூட அனுமதி கேட்கிற அளவுக்கு நான் பயமுறுத்தி வைத்திருக்கிறேன்.

சரி, இரண்டு பிரச்சினை. பல்லாங்குழி எடுத்தோம், 14 குழி, குழிக்கு 5 முத்து, மொத்தம் 70 என்று அவளே சொன்னாள். ஆனால் ஆட்டத்தில் அண்ணன் ஜெயித்துக்கொண்டே இருக்கிறான், இரண்டாம் நாளே வர மாட்டேன் என்றுவிட்டாள். அப்புறம் சீட்டுக்கட்டில் பத்து சேர்க்கிற விளையாட்டு எங்கேயோ படித்தேன், என் மாமியார் சீட்டை வீட்டுக்குள் விட மாட்டேன் என்கிறார்.

ஓய்வுபெற்ற டீச்சர், நாகர்கோவில்:

மாமியார் சொல்வதைக் கேள், சீட்டு வேண்டாம். பழைய கல்யாணப் பத்திரிகைகளை ஒரே அளவில் வெட்டி 1 முதல் 9 வரை எழுதினால் ஒன்பது எண்ணுக்கு நான்கு நான்காக 36 அட்டை. கவிழ்த்துப் பரப்பி இரண்டு இரண்டாகத் திறக்க வேண்டும், சேர்த்தால் பத்து வந்தால் எடுத்துக்கொள்ளலாம், வராவிட்டால் கவிழ்த்துவிட வேண்டும். இதில் எது எங்கே இருந்தது என்ற ஞாபகம்தான் ஜெயிக்கும், சின்னவள் பெரியவனை ஜெயிக்க நல்ல வாய்ப்பு உண்டு.

பல்லாங்குழியில் இரண்டு பேரையும் எதிரெதிராக உட்கார வைக்காதே. அவர்கள் இரண்டு பேரும் ஒரு பக்கம், நீயோ பாட்டியோ மறுபக்கம். எந்தக் குழியை எடுத்தால் கடைசி முத்து எங்கே விழும் என்று போடுவதற்கு முன்னாலேயே அவள் சொல்ல வேண்டும், அண்ணன் போட வேண்டும். அவள் சொன்னபடியே விழும்போது அவன் முகத்தைப் பார்.

உன்னைப் பற்றி நீ எழுதியதற்கு ஒன்று சொல்கிறேன், அனுமதி கேட்டாள் அல்லவா, நீ சரி என்றாய் அல்லவா. போதும்.

குளச்சல், இப்போது குவைத்:

நான் வெளிநாட்டில் இருக்கிறேன், மகன் ஊரில் ஐந்தாம் வகுப்பு. ராத்திரி வீடியோ காலில் சாப்பிட்டாயா, படித்தாயா, அம்மா எங்கே, இவ்வளவுதான் பேச்சாக இருந்தது. அதனால் விளையாட்டு ஆரம்பித்தேன். 1 முதல் 100க்குள் ஓர் எண்ணை நினைத்துக்கொள், நான் கேட்பதற்குப் பெரிசு, சின்னது என்று மட்டும் சொல். ஏழு தடவைக்குள் கண்டுபிடித்துவிடுவேன். ஒவ்வொரு தடவையும் மிச்சத்தை நடுவில் வெட்டுவதுதான் சூட்சுமம். ஒரு வாரம் நான் ஜெயித்தேன், எட்டாம் நாள் என்னை நினைக்கச் சொல்லிவிட்டு அவன் 50 என்று தொடங்கினான். கட்டிலில் படுத்திருந்த நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

கழித்தலுக்கு ஒன்று தருகிறேன், 40 கணக்கை விட நல்லது. ஏதாவது மூன்று இலக்கம், மூன்றும் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது. பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கு, அதையே திருப்பிப் போட்டுக் கழி. 8, 4, 1 என்றால் 841 கழித்தல் 148, விடை 693. அதை அடுக்கினால் 963 கழித்தல் 369, 594. மறுபடி 954 கழித்தல் 459, 495. 495ஐ அடுக்கினாலும் 495தான் வரும், அங்கேயே நின்றுவிடும். எந்த எண்ணில் தொடங்கினாலும் ஆறு தடவைக்குள் அங்கேதான் வந்து சேரும். நான்கு இலக்கத்துக்கு 6174. அதைக் கண்டுபிடித்தவர் கப்ரேகர், மகாராஷ்டிரத்தில் தேவ்லாலியில் பள்ளிக்கூட வாத்தியார், 1949இல் சொன்னார்.

இதில் பெரிய வசதி, நாம் திருத்த வேண்டியதே இல்லை. ஒவ்வொரு விடையிலும் நடு இலக்கம் 9, ஓரத்து இரண்டையும் கூட்டினாலும் 9. அப்படி வராவிட்டால் எங்கோ தப்பு என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். 99 என்று வந்தால் முன்னால் ஒரு சைபர் போட்டு 099 ஆக்கிக்கொள்ளுங்கள். கடலுக்கு இந்தப் பக்கத்தில் இருந்துகொண்டு 'தப்பு, மறுபடி போடு' என்று சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

பஸ்ஸில் போகும்போது வண்டி நம்பரும் வைத்து விளையாடலாம், 74ஆ 75ஆ என்று பார்த்து நாகர்கோவில் வண்டியா மார்த்தாண்டம் வண்டியா என்று சொல்வது, அப்புறம் கடைசி நான்கு இலக்கத்தை வைத்து எப்படியாவது பத்து கொண்டுவருவது. 4732 என்றால் 4+7−3+2.

மார்த்தாண்டம் அப்பா:

முன்பு மாற்றிப் பேசியவன் நான், அதனால் இதையும் எழுதுகிறேன். வீட்டில் அம்மாவின் பழைய பித்தளைத் தாயக்கட்டை ஒரு ஜோடி கிடந்தது. ஒவ்வொரு கட்டையிலும் 1, 2, 3, ஒரு பக்கம் வெறுமை. மகனோடு ஆடினேன். தாயம் விழவே மாட்டேன் என்கிறது என்று கோபப்பட்டான். சரி, எழுதிப் பார்ப்போம் என்று 100 தடவை உருட்டி ஒவ்வொன்றுக்கும் கோடு போட்டோம், ஐந்தாவது கோட்டைக் குறுக்கே போட்டு. 3க்குக் கோடு நீண்டுகொண்டே போனது, 6க்கும் 12க்கும் ஒன்றிரண்டு கட்டுதான். ஏன் என்று கேட்டான், எனக்கே தெரியவில்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து என்னென்ன விதமாக விழலாம் என்று எழுதினோம், மொத்தம் 16 விதம். மூன்று விழ நான்கு வழி, தாயத்துக்கு இரண்டு வழி, ஆறுக்கு ஒன்றே ஒன்று, இரண்டும் வெறுமையாக விழுந்தால்தான் 12. சாயங்காலம் ஆறு மணிக்கு உட்கார்ந்தவர்கள் எட்டரைக்கு எழுந்தோம். டீச்சர் சொன்ன ஏழெட்டும் இப்போது வந்துவிட்டது, 40ம் 16ம் என்று முணுமுணுத்துவிட்டுச் சொல்கிறான். வாய்ப்பாடு சொல்வதையும் நிறுத்தவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அகஸ்தீஸ்வரம் சித்தி:

குமரி போகிறவர்களுக்கு ஒன்று. வள்ளுவர் சிலை பீடம் 38 அடி, சிலை 95 அடி, சேர்த்தால் எத்தனை என்று படகில் இருக்கும்போதே கேளுங்கள். 133 என்று சொன்னால், அதுதான் அதிகாரம் என்று சொல்லுங்கள். அறத்துப்பால் 38, அதுதான் பீடம். பொருட்பால் 70, இன்பத்துப்பால் 25, அந்த இரண்டும் சேர்ந்து 95. அதிகாரத்துக்குப் பத்துக் குறள், குறளுக்கு ஏழு சீர், மொத்தச் சீர் எத்தனை என்பது திரும்பி வருகிற படகுக்கு. என் அக்கா மகள் கரை வருவதற்குள் 9310 சொன்னாள், தாளில்லாமல்.

தக்கலை அம்மா:

இன்றோடு ஐந்து வாரம். நேற்று பள்ளியில் ஒரு சின்னத் தேர்வு. 300 கழித்தல் 146 என்ற கணக்கில் ஓரமாகப் பென்சிலில் 4, 50, 100 என்று எழுதி, கீழே 154 போட்டிருக்கிறாள். 146இல் இருந்து 150, அங்கிருந்து 200, அப்புறம் 300. கடைக்காரர் மாதிரி ஏறிப் போயிருக்கிறாள். விடை சரி, ஆனால் முறை இல்லை என்று அரை மதிப்பெண் குறைந்திருக்கிறது. கிளாஸ் டீச்சரை நாளை பார்க்கப் போகிறேன், சண்டைக்கு இல்லை, ஈர்க்குக் கட்டையும் கையில் கொண்டுபோகிறேன். நாகர்கோவில் டீச்சர், வருகிறேன் என்று சொன்னீர்களே, காலையில் பத்து மணிக்கு வர முடியுமா?

கழித்தல் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், சைபர் இரண்டு வந்தால் இன்னும் தயங்குகிறாள். ஆனால் வயிற்றுவலி வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. தோவாளை தங்கச்சி, 61 புள்ளிக் கோலம் நாளைக் காலையில் போட வேண்டுமாம், இப்போதே அரிசிமாவை டப்பாவில் எடுத்து வைத்துவிட்டு, அதற்கு அடுத்த சுற்றில் 30 வருமா என்று என்னைக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள்.

ஓய்வுபெற்ற டீச்சர், நாகர்கோவில்:

வரும். நானும் பத்து மணிக்கு வருகிறேன், பள்ளி வாசலில் நில்.